கொடி விழாத குழந்தை

வெள்ளணுவின் மேற்பரப்பில் ஒரே ஒரு புரதம் இல்லாமல் போனால் என்ன ஆகும்? அந்தப் புரதத்தின் மரபணுவை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சொந்தத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடிபாலா, சித்தூர், வேலூர்க் குடும்பங்கள் அதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகிற பெரியம்மாக்களும் அத்தைகளும் தவறாமல் கேட்கும் கேள்வி, “கொடி விழுந்துருச்சா?” என்பது. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிறந்த ஒன்று, இரண்டு வாரங்களில் தொப்புள்கொடி காய்ந்து உதிர்ந்துவிடும். அரிதாகச் சில குழந்தைகளுக்கு மூன்று, நான்கு வாரங்கள் ஆகியும் விழுவதில்லை. அவர்களிலும் மிகச் சிலருக்குத் தொப்புளைச் சுற்றிச் சிவந்து போகும், நீர் கசியும், காய்ச்சல் வரும். ஆனால் சீழ் மட்டும் வராது. ரத்தத்தைச் சோதித்தால் வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு இருபதாயிரம், நாற்பதாயிரம் என்று ஏறி நிற்கும். கடும் தொற்றின்போது ஒரு லட்சத்தையும் தாண்டும்.

கிருமியை எதிர்க்கும் அணுக்கள் இத்தனை இருந்தும் புண் ஆறாமல் போவது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனவர்கள் வந்து சேர்ந்த இடம், 21-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு. அதன் பெயர் ஐ.டி.ஜி.பி.2. வெள்ளணுவின் மேற்பரப்பில் நிற்கும் சி.டி.18 என்ற புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தில் பிழை விழுந்தால் வரும் நோய்க்கு வெள்ளணு ஒட்டுதல் குறைபாடு என்று பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக ‘லேட்’ என்பார்கள்.

சித்தூரிலிருந்து வேலூருக்கு வரும் வழியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது குடிபாலா மண்டலம். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இந்தப் பக்கம் வட ஆற்காடு மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. இன்றும் இங்கே பல வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும். சம்பந்தங்கள் எல்லையைத் தாண்டும், வைத்தியத்துக்கான பயணமும் அப்படித்தான். இந்த மண்டலத்து ராமாபுரத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) சித்தூர் வளாகம் இருக்கிறது. ஒரு பக்கம் வேலூர், மறுபக்கம் திருப்பதி என்று இரண்டு பெரிய மருத்துவ ஊர்களுக்கு நடுவில் வாழும் மக்கள் இவர்கள். வெள்ளணு மரபணுக்களின் கதையை இந்த ஊரிலிருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த அறிவு மிகுதியாகத் தேவைப்படும் இடங்களில் இதுவும் ஒன்று.

கரையேற முடியாத அணுக்கள்

நம் ரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்களில் பெரும்பகுதி நியூட்ரோஃபில்கள். உடலில் எங்கே கிருமி புகுந்தாலும் முதலில் ஓடி வருபவை இவைதான். வருவதென்றால் ரத்தக்குழாயை விட்டு வெளியேறித் திசுவுக்குள் நுழைய வேண்டும். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுகிறவர் கரையோரத்து வேரைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுவதைப் போல, ஓடும் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் குழாயின் சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றுவதற்கு அதன் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களில் முக்கியமானவை மூன்று: சி.டி.11ஏ, சி.டி.11பி, சி.டி.11சி. இந்த மூன்றும் தனியாக நிற்க முடியாது. ஒவ்வொன்றும் சி.டி.18-ஐத் துணையாகச் சேர்த்துக்கொண்டுதான் அணுவின் மேற்பரப்புக்கே வந்து சேரும். சி.டி.18 இல்லையென்றால் மூன்றும் ஒருசேரக் காணாமல் போகும்.

அப்போது நியூட்ரோஃபில்கள் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். வெளியேற வழியில்லாமல் அவை சேர்ந்துகொண்டே போவதால்தான் எண்ணிக்கை அவ்வளவு உயர்கிறது. சீழ் என்பது கிருமிகளை விழுங்கி மடிந்த நியூட்ரோஃபில்களின் குவியல். அவை புண்ணுக்கு வந்தே சேராதபோது சீழ் எங்கிருந்து வரும்? தொப்புள்கொடியின் அடிப்பகுதி அறுந்து விழுவதற்கும் இதே அணுக்கள் அங்கே வர வேண்டும். அதனால்தான் கொடி விழத் தாமதமாகிறது.

சி.டி.18 ஏறக்குறைய முற்றிலும் இல்லாத குழந்தைகளில் பெரும்பாலோர், மஜ்ஜை மாற்று கிடைக்காவிட்டால் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. ஓரளவு புரதம் இருக்கும் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகலாம். ஈறு வீக்கமும் ஆறாத புண்களும் அவர்களை விடாமல் துரத்தும்.

புரதத்திலிருந்து மரபணுவுக்கு

1979-இல் லான்செட் மருத்துவ இதழில் ஹேவர்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கொடி தாமதமாக விழுவது, பரவலான தொற்று, நியூட்ரோஃபில்கள் சரியாக நகராதது ஆகிய மூன்றையும் ஒரே நோயின் முகங்களாக அவர்கள் இணைத்துப் பார்த்தார்கள். நோய்க்கு அடையாளம் கிடைத்துவிட்டது. காரணம் இன்னும் கிடைக்கவில்லை.

காரணத்தைத் தேட ஒரு கருவி அப்போது கைக்கு வந்திருந்தது. 1975-இல் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய ஒற்றை இன எதிர்ப்பொருள்தான் அது. ஒரே ஒரு புரதத்தின் ஒரே ஒரு பகுதியை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்க அந்த முறை வழிசெய்தது. ஹார்வர்டில் திமோத்தி ஸ்பிரிங்கர் வெள்ளணுக்களின் மேற்பரப்பைத் தேடும் எதிர்ப்பொருள்களைச் செய்தார். மேலே சொன்ன ஒட்டும் புரதங்கள் அவற்றில் சிக்கின. 1980-களின் முதல் பாதியில், கொடி விழாத குழந்தைகளின் ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள்கள் எதையுமே பற்றவில்லை என்பது தெரிந்தது. புரதங்கள் அங்கே இல்லை.

அடுத்த படி மரபணு. இன்று மனித மரபணுத் தொகுதி முழுவதும் கணினியில் கிடக்கிறது. அன்று அப்படி எதுவும் கிடையாது. எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள். அதை வெட்டி, சில துண்டுகளின் அமினோ அமில வரிசையைப் படித்தார்கள். அந்த வரிசையைத் தரக்கூடிய டி.என்.ஏ. எழுத்துகள் எவையாக இருக்கலாம் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, சிறு டி.என்.ஏ. இழைகளைச் செயற்கையாகச் செய்தார்கள். வெள்ளணு மரபணுப் படிகள் லட்சக்கணக்கில் அடங்கிய தொகுப்பில் அந்த இழைகளை விட்டு, எதில் போய் ஒட்டுகின்றன என்று பார்த்தார்கள். 1987-இல் ஸ்பிரிங்கரின் ஆய்வகத்தில் மாணவராக இருந்த கிஷிமோட்டோவும் மற்றவர்களும் சி.டி.18-இன் மரபணுப் படியைப் பிடித்தார்கள். 769 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தின் முழு வரிசையும் கிடைத்தது. நோயுற்ற குழந்தைகளில் கோளாறு இந்தப் புரதத்தில்தான், அதுவும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபட்ட விதங்களில், என்பதை அதே ஆண்டில் காட்டினார்கள். ஒட்டும் புரதங்களைக் கண்டறிந்த பணிக்காக ஸ்பிரிங்கருக்கு 2022-இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

மற்ற இரண்டு வழிகள்

எல்லாப் புரதத்தையும் இப்படிச் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது. வெள்ளணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் கிருமியை அடையாளம் காணப் பயன்படுத்தும் ஏற்பியை ஆண்டுக்கணக்காகத் தேடியும் அதன் மரபணு அகப்படாமல் இருந்தது. அமெரிக்காவில் மார்க் டேவிஸும் ஸ்டீபன் ஹெட்ரிக்கும் கழித்தல் வழியில் இறங்கினார்கள். டி அணுவும் இன்னொரு வகை வெள்ளணுவான பி அணுவும் பயன்படுத்தும் மரபணுச் செய்திகளில் 98 விழுக்காடு பொதுவானவை. டி அணுவின் செய்திகளிலிருந்து பி அணுவில் உள்ளவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சும் சிறு பகுதியில் தேடினால் போதும். ஏற்பியின் மரபணு அங்கேதான் இருந்தது. 1984-இல் அவர்கள் எலியின் மரபணுவையும், டொரன்டோவில் டாக் மாக் மனித மரபணுவையும் ஒரே நேரத்தில் அறிவித்தார்கள்.

மூன்றாவது வழியை 1987-இல் பாஸ்டனில் பிரையன் சீடும் அலெஹாந்த்ரோ அருஃபோவும் காட்டினார்கள். டி அணுவின் மரபணுப் படிகள் அனைத்தையும் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த காஸ் அணுக்களுக்குள் செலுத்தினார்கள். எந்த அணுவுக்குள் எந்தப் படி போயிற்றோ, அதற்கான புரதம் அந்த அணுவின் மேற்பரப்பில் முளைக்கும். தேடும் புரதத்துக்கான எதிர்ப்பொருளைத் தட்டின் அடியில் பூசி, அதன்மேல் அணுக்களை ஊற்றிக் கழுவினார்கள். புரதம் முளைத்த அணு ஒட்டிக்கொண்டது, மற்றவை கழுவலோடு போயின. ஒட்டிய அணுவிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்தால் தேடிய மரபணு கையில். சி.டி.2, சி.டி.28 ஆகியவற்றின் மரபணுக்கள் இப்படித்தான் கிடைத்தன.

உலகெங்கும் ஆய்வகங்கள் ஆளுக்கொரு பெயர் வைத்துக் குழப்பிக்கொண்டிருந்த இந்தப் புரதங்களுக்குப் பொதுவான சி.டி. எண் கொடுக்கும் ஏற்பாடு, 1982-இல் பாரிஸில் நடந்த பயிலரங்கில் தொடங்கியது. இன்று அந்த வரிசை 370-ஐத் தாண்டிவிட்டது. இந்தியாவில் 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற முதல் கார்-டி புற்றுநோய்ச் சிகிச்சையான நெக்ஸ்கார்19 குறிவைப்பது இந்த வரிசையில் 19-ஆவது எண் உள்ள புரதத்தைத்தான்.

இரண்டு மில்லி ரத்தத்தில் விடை

மரபணு கிடைத்ததால் குழந்தைக்கு என்ன கிடைத்தது? முதலில், உறுதியான நோயறிதல். குழந்தையின் ரத்தம் ஒன்றிரண்டு மில்லி எடுத்து, ஒளிரும் சாயம் ஏற்றிய சி.டி.18 எதிர்ப்பொருளைக் கலந்து, ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியில் விடுகிறார்கள். அணுக்கள் ஒவ்வொன்றாக லேசர் ஒளியைக் கடக்கும்போது, புரதம் உள்ள அணு ஒளிரும். இல்லாதது இருண்டு போகும். சில மணி நேரத்தில் விடை வந்துவிடும். அதன்பின் ஐ.டி.ஜி.பி.2 மரபணுவைப் படித்து, பிழை எந்த எழுத்தில் என்று குறித்துக்கொள்கிறார்கள்.

இந்தியாவில் இந்தப் பணியை நெடுங்காலமாகச் செய்துவரும் இடங்கள் மும்பையின் தேசிய நோயெதிர்ப்புக் குருதியியல் நிறுவனமும் சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனமும். மும்பையில் மருத்துவர் மனீஷா மட்காய்கர் குழுவினர் இந்திய ‘லேட்’ குழந்தைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள்.

பிழை எந்த எழுத்தில் என்று எழுதி வைத்திருப்பது அடுத்த பிரசவத்துக்கு வழிகாட்டும். தாய் மீண்டும் கருவுற்றால், 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியிலிருந்து சிறிது திசு எடுத்து, கருவுக்கு அதே பிழை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். முதல் குழந்தை இறந்த பிறகு எந்தச் சோதனையும் இல்லாமல் கிடக்கும் குடும்பத்துக்கு இந்த வாசல் திறக்காது. எந்த மரபணுவைத் தேடுவது என்று தெரியாமல் ஆய்வகம் எதைப் பார்க்கும்? அதனால்தான், பிழைக்க மாட்டாது என்று மருத்துவர்கள் கைவிட்ட குழந்தையின் ரத்தத்தையும் சேமித்து, மரபணு வரிசை பார்க்கச் சொல்கிறோம். அது அடுத்துப் பிறக்கப்போகும் உயிருக்காகச் செய்யும் காரியம்.

சொந்தமும் சம்பந்தமும்

‘லேட்’ நோய் வர, பிழையான படி தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர வேண்டும். ஒரே ஒரு பிழைப்படி வைத்திருப்பவருக்கு எந்தத் தொல்லையும் இராது. புரதம் பாதி அளவு இருந்தாலே வெள்ளணு வேலை செய்யும். தாய் தந்தை இருவருமே இப்படிப் பிழைப்படியைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு.

நம் ஒவ்வொருவரிடமும் இப்படி வெளியில் தெரியாத பிழைப்படிகள் சில இருக்கின்றன. அந்நியர் இருவர் மணந்தால் இருவரிடமும் ஒரே மரபணுவில் பிழை இருப்பது அபூர்வம். உறவில் மணக்கும்போது, ஒரே பாட்டியிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ இறங்கிய பிழை இரு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. அத்தை மகனையோ மாமன் மகளையோ மணந்தால், பிறக்கும் குழந்தையின் மரபணுக்களில் சராசரியாகப் பதினாறில் ஒன்று இரு பக்கமும் ஒரே மூதாதையின் படியாக அமையும். தாய்மாமன் அக்கா மகளை மணந்தால் அது எட்டில் ஒன்று.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி உறவுத் திருமணம் தமிழ்நாட்டில் 28 விழுக்காடு, ஆந்திரத்தில் 26 விழுக்காடு. நாட்டுச் சராசரி 11 விழுக்காடுதான். எல்லையின் இரு புறமும் இதே வழக்கம் இருப்பதால் குடிபாலா போன்ற ஊர்கள் இந்தக் கணக்கின் நடுவில் நிற்கின்றன.

உறவில் மணந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது இந்தக் கட்டுரையின் வேலை அன்று. நிலம் சிதறாமல் இருக்கவும், பெண் பிள்ளை தெரிந்த வீட்டில் வாழவும் தலைமுறை தலைமுறையாக வந்த ஏற்பாடு அது. பெரும்பாலான உறவுத் தம்பதியருக்கு ஆரோக்கியமான குழந்தைகளே பிறக்கின்றன. ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு மருத்துவம் கூடுதல் கவனம் தர வேண்டும். கருவுற்ற பெண் முதல்முறை வரும்போதே “நீங்க ரெண்டு பேரும் சொந்தமா? குடும்பத்துல சின்னக் குழந்தைங்க யாராவது தவறிப்போயிருக்காங்களா?” என்று கேட்டுப் பதிவு செய்வதற்குப் பணம் எதுவும் தேவையில்லை.

அதே சொந்தம் தரும் மருந்து

கடுமையான ‘லேட்’ நோய்க்கு நிலையான தீர்வு எலும்பு மஜ்ஜை மாற்று. கொடுப்பவரின் மஜ்ஜையிலிருந்து சி.டி.18 உள்ள வெள்ளணுக்கள் குழந்தையின் உடலில் உற்பத்தியாகத் தொடங்கும். வேலூர் சி.எம்.சி.யில் மஜ்ஜை மாற்று 1986-இலேயே மருத்துவர் மாம்மன் சாண்டி காலத்தில் தொடங்கியது. சென்னை அப்போலோவில் மருத்துவர் ரேவதி ராஜ் குழுவினர் பிறவி எதிர்ப்புக் குறைபாடுள்ள குழந்தைகள் பலருக்கு இதைச் செய்திருக்கிறார்கள்.

மஜ்ஜை மாற்றில் பொருத்தம் பார்ப்பதும் மேற்பரப்புப் புரதங்களை வைத்துத்தான். 1958-இல் பாரிஸில் ஜான் தோசே முதலில் கண்டறிந்த எச்.எல்.ஏ. புரதங்கள் அவை. அவற்றின் மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் நெருங்கி அமர்ந்திருக்கின்றன. மனித இனத்திலேயே மிகுந்த வேறுபாடு காட்டும் மரபணுக்கள் இவை. இதுவரை பதிவான வடிவங்கள் 40,000-க்கும் மேல். உடன்பிறந்த ஒருவருடன் முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்புதான் உண்டு. வெளியாரிடம் பொருத்தம் தேடுவதற்காகச் சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்கள் பாடுபடுகின்றன.

உறவுத் திருமணத்தின் மறுபக்கம் இங்கே தெரிகிறது. தாயும் தந்தையும் உறவினர் என்றால், இருவரும் ஒரே எச்.எல்.ஏ. தொகுதியைப் பகிர்ந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது குழந்தைக்குத் தாயோ தந்தையோ முழுப் பொருத்தமாக அமையலாம். சில குடும்பங்களில் தாய்மாமன், சித்தி, பாட்டிவரை தேடினால் பொருத்தம் கிடைக்கிறது. நோயைச் சுமக்கும் பிழைப்படி ஒன்று வைத்திருப்பவரும் கொடுக்கலாம், தடையில்லை. ஆகவே இந்தப் பகுதிக் குழந்தைக்குப் பொருத்தம் தேடும்போது அண்ணன் தம்பியோடு நிறுத்தாமல் குடும்பத்தின் விரிந்த வட்டத்தையும் சோதித்துப் பார்ப்பது பயன் தரும்.

அடுத்த கட்டம் மரபணுச் சிகிச்சை. குழந்தையின் சொந்த ஸ்டெம் செல்களையே எடுத்து, சரியான ஐ.டி.ஜி.பி.2 படியை வைரஸ் ஊர்தி மூலம் செலுத்தித் திருப்பிக் கொடுப்பது. கடுமையான ‘லேட்’ உள்ள ஒன்பது குழந்தைகளுக்கு இதைச் செய்து பார்த்த முடிவுகள் 2025-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தன. ஒன்பது பேரும் உயிரோடு இருந்தார்கள். மஜ்ஜை மாற்று யாருக்கும் தேவைப்படவில்லை.

இதற்கான தொழில்நுட்பம் நமக்கு அந்நியமும் அன்று. வேலூர் பாகாயத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையமும் சி.எம்.சி.யும் மருத்துவர் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையில், கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு இதே வகை வைரஸ் ஊர்தியில் மரபணுச் சிகிச்சை அளித்த முடிவை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். ஐவருக்கும் சிகிச்சைக்குப் பின் ரத்தக்கசிவு நின்றது. அந்தச் சிகிச்சையிலும் ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுக்கும் அடையாளம் சி.டி.34 என்ற மேற்பரப்புப் புரதம். கர்ட் சிவின் 1984-இல் கண்டறிந்து சொன்னது அது. குடிபாலாவுக்குப் பக்கத்து ஊரான வேலூரில் இந்தக் கைத்திறன் வளர்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியது

ஆய்வகத்தில் கண்டறிந்த மரபணு, கிராமத்துக் குழந்தைக்கு உதவ வேண்டுமானால் நடுவில் சில எளிய காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, கொடி மூன்று வாரத்துக்கு மேல் விழாமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு முழு ரத்த எண்ணிக்கைச் சோதனை. கொடி தாமதமாக விழும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் ஆரோக்கியமானவர்கள். பயப்படத் தேவையில்லை. தொற்று இல்லாதபோதும் வெள்ளணுக்கள் இருபதாயிரத்துக்கு மேல் இருந்தால் மட்டும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் போதும்.

இரண்டாவது, அதே சோதனைச் சீட்டில் டி, பி அணுக்கள் அடங்கிய லிம்ஃபோசைட் வகையின் எண்ணிக்கையையும் பார்ப்பது. கைக்குழந்தைக்கு அது 3,000-க்குக் கீழே இருந்தால், பல வேளைகளில் மேற்பரப்பு ஏற்பிகளின் மரபணுக் கோளாறால் வரும் இன்னொரு கடும் நோயான ‘ஸ்கிட்’ பற்றிச் சந்தேகம் எழ வேண்டும். குடும்பத்தில் ஏற்கெனவே கைக்குழந்தை தொற்றால் இறந்திருந்தால், புதுக் குழந்தைக்கு பி.சி.ஜி. தடுப்பூசி போடுமுன் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். உயிருள்ள கிருமி கொண்ட அந்தத் தடுப்பூசி ‘ஸ்கிட்’ குழந்தைக்கு ஆபத்து. ஆரோக்கியமான மற்றக் குழந்தைகளுக்கு அது அவசியம்.

மூன்றாவது, அரசின் கடமை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 2008-இல் தொடங்கிய பிறந்த குழந்தைகளுக்கான ‘ஸ்கிட்’ சோதனை, பத்தே ஆண்டில் அந்நாடு முழுவதும் பரவியது. இந்தியாவின் அரிய நோய்க் கொள்கை 2021-இல் வந்தது. 2022 முதல் குறிப்பிட்ட மையங்களில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆனால் நோய் இன்னதென்று தெரிந்தவருக்குத்தான் அந்த உதவி எட்டும். உறவுத் திருமணம் மிகுந்த தென் மாநிலங்கள், மாவட்டத் தலைநகர் மருத்துவமனைகளில் ஃப்ளோ சைட்டோமெட்ரி வசதியை ஏற்படுத்த வேண்டும். அல்லது கெடாமல் ரத்த மாதிரியை ஒரே நாளில் வேலூருக்கோ சென்னைக்கோ ஐதராபாத்துக்கோ அனுப்பும் ஏற்பாடாவது வேண்டும்.

ஐ.டி.ஜி.பி.2 மரபணு அடையாளம் காணப்பட்டு நாற்பது ஆண்டுகள் நெருங்குகின்றன. காரணம் தெரியாமல் ‘காய்ச்சல் வந்து போயிருச்சு’ என்று ஒரு குழந்தையை இழந்த தாய்க்கு, அடுத்த குழந்தையைக் காப்பாற்றும் வழி இத்தனை காலமாக இருக்கிறது. சித்தூரிலோ வேலூரிலோ திருப்பதியிலோ அப்படி ஒரு குடும்பம் உங்கள் உறவில் இருந்தால், அடுத்த கருவுக்கு முன்பே மரபணு ஆலோசனைக்குப் போகச் சொல்லுங்கள். கூட வர யாரும் இல்லையென்றால் நீங்களே அழைத்துப் போங்கள்.